பழைய ஆவணங்களைப் பதிப்பிக்கப் பணம்: எதற்கு, யாரிடம், எவ்வளவு கேட்பது

கேள்வி இது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய தமிழர் சங்கத்தின் அலமாரியில் 1920-களிலிருந்து 1950-கள் வரையிலான கூட்டக் குறிப்பேடுகள், கணக்கேடுகள், கடிதக் கட்டுகள் என ஏறக்குறைய 3,000 பக்கங்கள் இருக்கின்றன. அவற்றைப் பதிப்பித்து எல்லாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும், பணத்துக்கு என்ன வழி? சங்கம் பதிவு பெற்றது, செயலவை இசைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

இந்த வேலையின் இரண்டு முனைகளுக்கும் பணம் கிடைக்கும். படமெடுக்கக் கருவியும் கணினியும் வாங்கித் தர ஆள் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற பொருள், திறப்பு விழா வைக்கலாம். நூல் அச்சாகிவிட்டால் வெளியீட்டு விழாவில் முதல் நூல் பெற ஒருவர், சிறப்பு நூல் பெறப் பத்துப் பேர் என்று வந்துவிடுவார்கள். கோலாலம்பூர் சோமா அரங்கமானாலும் பினாங்கு மண்டபமானாலும் நம்மவர்கள் அதில் கைநீட்டிக் கொடுப்பவர்கள். ஆனால் அந்தப் பணம் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறது. நடுவில் ஓராண்டு, ஈராண்டு உட்கார்ந்து கையெழுத்தைப் படிப்பதும் படியெடுப்பதும் ஒப்புநோக்குவதும் குறிப்பெழுதுவதும் யார் கணக்கிலும் வராமல் போகின்றன. பதிப்பு என்பதே அந்த நடுவேலைதான். அதற்குக் கூலி வைக்காத திட்டம் படக் கோப்புகளோடு நின்றுவிடும்.

அமெரிக்காவில் இதைப் புரிந்துகொண்டு 1934-லேயே ஓர் ஆணையம் அமைத்தார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தோடு இணைந்த அந்த ஆணையம் இன்றும் ஆவணப் பதிப்புக்கென்றே மானியம் தருகிறது. தாமஸ் ஜெஃபர்சனின் கடிதங்களைப் பதிப்பிக்கும் வேலை பிரின்ஸ்டனில் நியூயார்க் டைம்ஸ் கொடுத்த 2 லட்சம் டாலரில் தொடங்கியது. முதல் தொகுதி 1950-இல் வந்தது. தொகுதிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அந்த நாட்டை நிறுவியவர்களின் ஆவணங்கள் 2013 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மலேசியாவில் பதிப்புக்கென்று அப்படித் தனி மானியம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே நாம் வேலையைத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அதற்கு ஏற்ற கையைத் தேட வேண்டும்.

அதற்கு முன் கணக்கு. 3,000 பக்கத்தையும் முழுப் பதிப்பாகக் கொண்டுவர ஆசைப்பட வேண்டாம். எல்லாவற்றையும் படமெடுத்து விவரப்பட்டியல் போடுங்கள். அதில் 600 பக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிப்பியுங்கள். முன்பழக்கம் உள்ளவர் ஒரு கையெழுத்துப் பக்கத்தைப் படியெடுக்கச் சராசரி ஒரு மணி நேரம், இன்னொருவர் மூலத்தோடு ஒப்புநோக்க 40 நிமிடம், பெயர், இடம், தேதி விளக்கிக் குறிப்பெழுத 50 நிமிடம் என்று வைத்தால் பக்கத்துக்கு இரண்டரை மணி. 600 பக்கத்துக்கு 1,500 மணி. இருவர் ஆளுக்கு வாரம் 15 மணி நேரம் உழைத்தால் 50 வாரம். மணிக்கு 25 ரிங்கிட் என்றால் 37,500. பொறுப்பாசிரியருக்கு 200 மணி, மணிக்கு 60 என 12,000. பெயரடைவும் மலாய், ஆங்கிலச் சுருக்கங்களும் 4,500. படமெடுக்கப் பக்கத்துக்கு 2 ரிங்கிட் வீதம் 6,000. அமிலமற்ற உறைகளும் பெட்டிகளும் 3,000. விவரப்பட்டியல் 3,000. பத்தாண்டுக்கு இணைய இடம் 5,000. அச்சில் 300 படி 9,000. கூட்டினால் 80,000. இடையில் வரும் செலவுக்குப் பத்து விழுக்காடு சேர்த்து 88,000 கேட்கலாம். உங்கள் ஊர் விலைக்கேற்ப இந்த எண்கள் மாறும். விகிதம் பெரிதாக மாறாது. படியெடுப்பு, பொறுப்பாசிரியர், பெயரடைவு, சுருக்கங்கள் என நடுவேலை மட்டும் 54,000, அதாவது 80,000-இல் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். இதைக் கண்டு பயந்து அந்த வரியை வெட்டி, “தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று எழுதிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தன்னார்வலர் முதல் நாற்பது பக்கம் உற்சாகமாகச் செய்வார். பிறகு தேர்வு வரும், திருமணம் வரும், வேலை மாறும். அவரைக் குறை சொல்ல முடியாது.

சேமிப்பு இடத்துக்காக அஞ்ச வேண்டியதில்லை. ஏ4 அளவுப் பக்கம் 400 டிபிஐ, 24 பிட் வண்ணத்தில் டிஃப் கோப்பாக 46 மெகாபைட் வரும். 3,000 பக்கமும் 140 ஜிகாபைட்டுக்குள் அடங்கும். மூன்று படி, அதில் ஒன்று வேறு ஊரில், என்று வைத்தாலும் செலவு சிறிது. படமெடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வட்டு பழுதாகி ஒரு கோப்பு சிதைந்திருந்தால் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

நடுவேலைக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று பணம் கொடுப்பவர் கேட்பார். அவருக்கு ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். பழைய கையெழுத்தில் புள்ளி பல இடங்களில் இருக்காது. காலும் ரகரமும் ஒரே கோடாக விழும். “தா”வா “தர”வா என்பது வரியின் பொருளைக் கொண்டுதான் முடிவாகும். ணா, றா, னா, லை, ளை ஆகியவை பழைய கொம்பு வடிவில் இருக்கும். கணக்கேட்டில் ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. “௸யார்” என்று எழுதியிருப்பதைத் தெரியாத ஒருவர் கிறுக்கல் என்று விட்டுவிட்டால் யார் பணம் கட்டினார் என்பதே தொலைந்துவிடும். இந்தக் குறிகள் யூனிகோடில் 2003 முதல் உள்ளன. மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019-இல்தான் சேர்ந்தன. ஆகவே எந்த எழுத்துருவில் தட்டுவது என்பதை முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் பாதி இடங்களில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

தேதி இன்னொரு பொறி. “துன்மதி தை” என்றால் 1921-ஆ, 1922-ஆ? துன்மதி 1921 ஏப்ரல் நடுவில் பிறந்து அடுத்த ஏப்ரலில் முடிகிறது. தை வருவது 1922 ஜனவரியில். அதே துன்மதி 1981-லும் வந்தது. ஜப்பானியர் காலத்துக் குறிப்பேட்டில் 2603 என்று ஆண்டு போட்டிருந்தால் அது 1943. அந்தப் பக்கங்களில் வரும் நன்கொடைத் தொகைகள் வாழைமரப் படம் போட்ட, மதிப்பு வீழ்ந்துபோன ஜப்பானிய நோட்டில் உள்ளவை. அதைக் குறிப்பில் சொல்லாவிட்டால் 1940-இல் 5 வெள்ளி கொடுத்த சங்கம் 1945-இல் திடீரென்று பணக்காரச் சங்கமானதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார். பிக்குல் என்றால் 100 காத்தி, 60 கிலோவுக்குச் சற்று மேல் என்று இன்றைய மாணவருக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஆட்களின் பெயர்களைச் சரிபார்க்கச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் உள்ள பழைய நாளேடுகள் பெரிதும் உதவும். தேடல் இலவசம், நேரம்தான் செலவு.

படியெடுப்புக்கு இரண்டு பக்க விதிமுறை ஒன்று எழுதுங்கள். மூலத்தின் எழுத்துக்கூட்டலைத் திருத்துவதில்லை. பினாங்கைப் புலோபினாங்கு என்று எழுதியிருந்தால் அப்படியே விடுவது. படிக்க முடியாத இடத்துக்கு ஒரு குறி, ஊகித்த எழுத்துக்கு வேறொரு குறி. அடித்து எழுதியதையும் காட்டுவது. கூட்டக் குறிப்பில் ஒரு தீர்மானம் அடிக்கப்பட்டிருந்தால் அதுவே செய்தி. கோப்பை டிஇஐ முறையில் (பதிப்பு உரைகளைக் கணினியில் குறியிடும் பொது வழக்கு) குறியிட்டு வைத்தால் இணையத்துக்கும் அச்சுக்கும் ஒரே மூலம் போதும்.

கையெழுத்தை இயந்திரம் படிக்காதா என்று கட்டாயம் கேட்பார்கள். டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருளுக்கு ஒரு கையெழுத்தைப் பழக்க, முதலில் நாமே படியெடுத்துத் திருத்திய ஆயிரக்கணக்கான சொற்களைக் கொடுக்க வேண்டும். சங்கச் செயலாளர் ஓரிரு ஆண்டில் மாறுவார், கையெழுத்தும் மாறும். 600 பக்கத்துக்கு அது மிச்சம் பிடிக்காது. அச்சிட்ட ஆண்டறிக்கைகளுக்கும் அழைப்பிதழ்களுக்கும் கூகுளின் எழுத்துணரி நன்றாகவே உதவும். அதைத் திருத்தும் நேரத்தை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இனி யாரிடம் கேட்பது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் 2004-லிருந்து நடக்கிறது. ஆர்க்கேடியா அறக்கட்டளையின் பணம். முன்னோட்டத் திட்டத்துக்கு 15,000 பவுண்டு வரை, பெருந்திட்டத்துக்கு 1,50,000 பவுண்டு வரை அண்மைச் சுற்றுகளில் கொடுத்திருக்கிறார்கள். மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது, படங்கள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பவை அவர்களின் உறுதியான நிபந்தனைகள். ஏறக்குறைய 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையவைதாம் அவர்கள் எல்லை. பிந்தையவற்றுக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், லாஸ் ஏஞ்சலிஸ், 2018-இல் தொடங்கிய திட்டம் இருக்கிறது. அதற்கும் ஆர்க்கேடியாவே பணம் தருகிறது. இரண்டும் படமெடுப்பதற்கும் விவரப்பட்டியலுக்கும்தான். குறிப்பெழுத, நூல் அச்சிட அவர்களிடம் கேட்டால் விண்ணப்பம் அங்கேயே பலவீனப்படும். கேட்க வேண்டியதை மட்டும் கேளுங்கள்: படம், பட்டியல், பெட்டி, பயிற்சி. ஏன் இந்த ஆவணம் அழியும் நிலையில் இருக்கிறது என்பதைச் சான்றோடு எழுதுங்கள்: கரையான் அரித்த மூலை, ராமபாணப் பூச்சியின் துளை, மை தின்ற தாள், பூஞ்சை பூத்த அட்டை ஆகியவற்றின் படங்களை அளவுகோலோடு எடுத்து இணையுங்கள்.

உள்நாட்டில், பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் தலைமை ஏற்றால் உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் என்ற அடிப்படை ஆய்வு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை இதற்கு இயல்பான வாசல். அந்த மானியம் ஆய்வுக் கட்டுரைகளையும் பட்டமேற்படிப்பு மாணவர்களையும் எதிர்பார்க்கும். பதிப்பு நூலுக்கு அதில் மதிப்பு குறைவு. அதனால் “பதிப்பு” என்று கேட்காமல் இந்த ஆவணங்களை வைத்து ஓர் ஆய்வுக் கேள்வியை முன்வையுங்கள். ஆய்வு உதவியாளராக வரும் மாணவரின் ஊதியம் படியெடுக்கும் வேலையைத் தாங்கும். நேர்மையான வழிதான், ஏனென்றால் படியெடுக்காமல் அந்த ஆய்வே நடக்காது. ஜார்ஜ்டவுன் 2008-இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த பின், 2009-இல் தொடங்கிய திங்க் சிட்டி என்ற நகரப் புத்துயிர்ப்பு அமைப்பு அந்நகரில் சிறு மானியங்கள் கொடுத்து வந்திருக்கிறது. சுற்று திறக்கும்போது தெருவோடும் கட்டடத்தோடும் தொடர்புள்ள ஆவணங்கள் என்ற பக்கத்தை முன்னே வையுங்கள். பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளோடு உங்கள் கணக்கேடுகளுக்குத் தொடர்பு இருந்தால் அதைவிட நல்ல காரணம் வேண்டாம். மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவிடம் கேட்பதானால் சமூகப் பயன் அளவிடக் கூடியதாக இருக்க வேண்டும்: எத்தனை இளையருக்குப் படியெடுக்கும் பயிற்சி, எத்தனை தமிழ்ப்பள்ளிகளுக்குப் பாடத் துணைப்பொருள் என்று எழுதுங்கள்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது நம் சமூகத்திடமே நேராகக் கேட்பது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது நூலை வாங்குவதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்ட கையொப்பக்காரர்களைச் சேர்த்துத்தான் அச்சுக்கூலி கட்டினார். அதே முறை இன்றும் செல்லும். மேலே போட்ட கணக்கில் நடுவேலை 54,000. 600 பக்கத்துக்கு வகுத்தால் பக்கத்துக்கு 90 ரிங்கிட். “ஒரு பக்கத்தைப் பதிப்பிக்க 90 ரிங்கிட்” என்பது யாருக்கும் புரியும். கொடுத்தவருக்கு அவர் பணத்தில் படியெடுத்த பக்கத்தின் படமும் எழுத்துப்படியும் அனுப்புங்கள். பாட்டனார் பெயர் வரும் பக்கத்தைத் தேடிக் குடும்பத்தார் வருவார்கள். விவரப்பட்டியலைப் பெயரோடு முதலில் செய்வது இதற்கும் பயன்படும். ஆனால் பணம் கொடுத்தவர் எந்தப் பக்கத்தையும் நீக்கச் சொல்ல முடியாது என்று ரசீதிலேயே அச்சிடுங்கள். பழைய குறிப்பேடுகளில் சாதிச் சண்டை இருக்கும், கணக்குக் குளறுபடி இருக்கும், ஒருவரை விலக்கிய தீர்மானம் இருக்கும். தேர்வு பதிப்பாசிரியரின் பொறுப்பு. உயிரோடு இருப்பவரைப் பற்றிய நோய், குடும்பத் தகராறு போன்றவற்றுக்கு மட்டும் இன்ன ஆண்டு வரை என்று எல்லை வைத்து மூடி வையுங்கள். எதற்காக மூடப்பட்டது என்பதைப் பட்டியலில் எழுதுங்கள்.

வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு, கொடுப்பவரின் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு உண்டு. உங்கள் சங்கத்துக்கு அது இல்லையென்றால், இருக்கும் அமைப்பு ஒன்றோடு உடன்பாடு செய்யலாம். ஆனால் ரசீது அந்த அமைப்பின் பெயரில் வர வேண்டும், பணம் அதன் கணக்கில் போய் அதன் நோக்கத்துக்கு உட்பட்டே செலவாக வேண்டும். ரசீதை இரவல் வாங்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

பதிப்புரிமையை மறந்தால் கடைசி மாதத்தில் எல்லாம் நின்றுபோகும். கடிதத்தின் தாள் பெற்றவருடையது. அதன் வாசகத்தின் உரிமை எழுதியவருடையது. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி பொதுவாக ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை. அவர் இறக்கும் வரை வெளியிடப்படாத எழுத்துக்கோ, முதன்முதல் வெளியிட்ட ஆண்டிலிருந்து 50 ஆண்டு. அதாவது 1930-இல் எழுதி அலமாரியில் கிடந்த கடிதம், எழுதியவர் என்றோ காலமாகியிருந்தாலும், இன்னும் உரிமையுள்ள எழுத்தாக இருக்கலாம். வாரிசுகளின் எழுத்து மூல அனுமதி வாங்குங்கள். அதைத் தேட 30 மணி நேரமாவது திட்டத்தில் ஒதுக்குங்கள். விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் ஏற்ற நினைப்பவர்களும் இதைப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். உரிமைச் சிக்கல் இல்லாத அச்சு நூல்களுக்கு விக்கிமூலம் அருமையான இடம்: ஒருவர் மெய்ப்பு பார்த்தால் பக்கம் மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. அந்த இருவர் முறையை உங்கள் சொந்த வேலைக்கும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் செயலவை மாறும். இன்றைய தலைவர் சாவி கொடுப்பார், நாளை வருபவர் பூட்டுவார். ஆகவே பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டு, பதிப்பாசிரியர் குழுவோடு குறைந்தது ஐந்தாண்டு ஒப்பந்தம் எழுதுங்கள். மூலங்களைக் கோலாலம்பூரில் உள்ள அர்கிப் நெகாராவில், அதாவது தேசிய ஆவணக் காப்பகத்தில், ஒப்படைப்பதையும் பரிசீலியுங்கள். தனியார் ஆவணங்களையும் அங்கே வைத்திருக்கிறார்கள், குளிரூட்டமும் பாதுகாப்பும் எந்தச் சங்க அலமாரியிலும் கிடைக்காது. மூலத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை யாருக்காவது இருந்தால், மரபுடைமைப் பொருளுக்கு 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள்.

பணம் தவணையாக வரும், தாமதமாகவும் வரும். அறிக்கை சரியில்லை, ரசீது குறைகிறது என்று இரண்டாம் தவணை நிற்கும்போது முதலில் போவது படியெடுப்பவர்தான். ஒரு மாதம் கூலி இல்லையென்றால் வேறு வேலைக்குப் போய்விடுவார், அவர் கண்ணுக்குப் பழகிய கையெழுத்தும் அவரோடு போய்விடும். மூன்று மாதக் கூலியைக் கையிருப்பாக வைத்துக்கொண்டே தொடங்குங்கள். ஆண்டு இறுதிக்குள் செலவழிக்க வேண்டிய மானியத்தை நீளும் வேலைக்குப் போடாமல் படமெடுப்பதற்கும் அச்சுக்கும் போடுங்கள். பொதுமக்களிடம் திரட்டியது எப்போது வேண்டுமானாலும் செலவழிக்கலாம், அதை நடுவேலைக்குக் காத்து வையுங்கள்.

இணையத்தில் வெளியிட்டதும் வேலை முடிந்ததாக எண்ணித் தளத்தின் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆண்டில் எல்லாம் மறைந்துவிடுகிறது. அதனால்தான் பத்தாண்டுச் செலவை முதலிலேயே போட்டேன். அதோடு ஜெனோடோ என்ற இணைய ஆய்வுக் களஞ்சியத்தில் ஒரு படி வையுங்கள். கட்டணம் இல்லை, ஒரு பதிவுக்கு 50 ஜிகாபைட் வரை ஏற்கும், நிலையான எண்ணும் தரும். எழுத்துப்படியும் குறிப்புகளும் அங்கே எளிதில் அடங்கும்.

நூலுக்கு ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகத்தில் வாங்குங்கள். அச்சகத்தின் பெயரும் முகவரியும் பதிப்பாளரின் பெயரும் முகவரியும் நூலில் இருக்க வேண்டும்; 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் கேட்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து படிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். ஆகவே 300 படியில் விற்பனைக்கு 295 என்று கணக்குப் போட்டு, அதிலும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் பொதுநூலகங்களுக்கும் கொடுக்க ஒரு பங்கை ஒதுக்குங்கள்.

விண்ணப்பம் எழுத உட்காருமுன் வெவ்வேறு கையெழுத்தில் 20 பக்கம் எடுத்துப் படியெடுத்து, ஒப்புநோக்கி, குறிப்பெழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள். என் இரண்டரை மணி உங்கள் ஆவணத்துக்கு மூன்றாகலாம், இரண்டாகலாம். அந்த எண்ணைக் கொண்டு மேலே உள்ள கணக்கைத் திரும்பப் போட்டு, அந்த 20 பக்கத்தையும் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.